படுவான்கரையின் செவிகள்

மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஓசையை உலகறியச் செய்தவர்களுள் எமர்சன் டெனன்ட் ஒருவர். 1848இல் இரவு வேளையில் தோணியிலிருந்து தாம் கேட்டதையும், மரத்தில் காதை வைத்தபோது ஓசை மிகுந்ததையும், 1859இல் வெளியான 'சிலோன்' நூலில் அவர் எழுதினார். அத்தகைய மெல்லோசைக்குச் சூழலில் அமைதி வேண்டும். செவியும் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

செவிக்கூர்மை எல்லா மக்களிடத்தும் ஒன்றன்று. 1960களின் தொடக்கத்தில் மருத்துவர் சாமுவேல் ரோசன் சூடானின் மபான் மக்களைச் சோதித்தார். இரைச்சல் அறியாத அவர்களுள் முதியோர்கூட அமெரிக்க நகரத்து முதியோரைவிட நன்கு கேட்டனர். அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை திரட்டிய தரவுகளின்படி, 20 முதல் 29 வயதினரிலும் 8.5 விழுக்காட்டினருக்குச் செவிக்குறை இருந்தது. வயது வந்தோரில் பெண்களைவிட ஆண்களிடமும், கறுப்பினத்தாரைவிட வெள்ளையரிடமும் அது மிகுந்திருந்தது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் சூழ்ந்த வெல்லாவெளியைக் காண்பவர், இங்குள்ள இளைஞரும் மபான் மக்களைப் போல அமைதியில் வளர்ந்தவர் என எண்ணக்கூடும். ஆனால் 2007 வரை இது போர் நிலம். எறிகணையின் பேரோசை உட்செவியின் மயிர்க்கலங்களைக் கணத்தில் அழிக்க வல்லது. ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000; அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்துப் போர்ச் செய்திகளில் இறந்தோர், காயமுற்றோர் என்ற இரு எண்களே இடம்பெறும். செவி மங்குதல் குருதி சிந்தாத காயம். எனவே அது எந்த எண்ணிலும் சேர்வதில்லை. வகுப்பில் அழைத்தால் திரும்பாத பிள்ளை, மந்தமானவன் என்ற பெயரோடு பின்வாங்கில் அமர்ந்துவிடுகிறான். செவியை அளப்போர் பாலையும் இனத்தையும் குறிப்பது போதாது. அச்செவி எதைக் கேட்டு வளர்ந்தது என்பதையும் எழுதவேண்டும்.