தோற்ற பிறகு எழுந்த அரண்: கே. ராஜகோபாலின் தற்காப்புப் பயிற்சியை மீண்டும் வாசித்தல்

2010ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் காற்பந்துக்கான சுசுகி கிண்ணத்தை மலேசியா வென்றதை விளக்கும் எழுத்துகள் மூன்று காரணங்களையே சுற்றி வருகின்றன: சஃபி சாலி போட்ட ஐந்து கோல்கள், புக்கிட் ஜாலில் அரங்கின் கூட்டம், 2009 முதல் உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இருந்த தடை. மூன்றும் உண்மைதான். ஆனால் முதல் இரண்டு காரணங்களாலும் விளக்க முடியாத ஓர் ஆட்டம் இருக்கிறது. டிசம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் தாய்லாந்துக்கு எதிராக ஆடிய கோலற்ற ஆட்டம் அது. அன்று சஃபி கோல் போடவில்லை, திடலும் நம்முடையதில்லை. மூன்று நாள் முன்பு அதே நகரில் இந்தோனேசியாவிடம் 1–5 எனத் தோற்ற அணி அது.

அந்த 0–0 குறித்து ஆய்வெழுத்து ஏறத்தாழ மௌனமாகவே இருக்கிறது. கோல் விழாத ஆட்டம் யாருக்கும் கதையாவதில்லை. ஆனால் அந்த மலேசிய அணியை நடத்திய கே. ராஜகோபாலின் பயிற்றுநர் வாழ்வை அறிய நமக்குள்ள முதன்மைச் சான்று அதுவே என்று நான் கருதுகிறேன்.

பிரிவுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தாய்லாந்து முதல் ஆட்டத்தில் லாவோசுடன் 2–2 சமன், கடைசி ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1–2 தோல்வி. மலேசியா கடைசி ஆட்டத்தில் லாவோசை 5–1 என வென்றது. முடிவில் இந்தோனேசியா 9 புள்ளி, மலேசியா 4, தாய்லாந்து 2, லாவோஸ் 1. இனி டிசம்பர் 4 ஆட்டத்தில் மட்டும் தாய்லாந்து ஒரே ஒரு கோல் போட்டிருந்ததாகக் கொள்வோம். தாய்லாந்துக்கு 4 புள்ளி, மலேசியாவுக்கு 3. லாவோசுக்கு எதிரான ஐந்து கோலும் வீண், அரையிறுதி இல்லை, புக்கிட் ஜாலில் இரவும் இல்லை. மற்ற ஆட்டங்கள் அப்படியே நடந்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆயினும் கிண்ணம் எந்தக் கயிற்றில் தொங்கியது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும். எதிரணியின் பயிற்றுநர் இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவர் பிரையன் ரோப்சன் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

1–5 தோல்வியையும் சற்று அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அதைத் தற்காப்பின் முழுச் சரிவாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. முதலில் கோல் போட்டது மலேசியா; போட்டவர் நோர்ஷாருல் இட்லான். சமன் கோல் நம் தற்காப்பு ஆட்டக்காரரின் சொந்தக் கோல். முதல் பாதி முடிவில் நிலை 1–2. எஞ்சிய மூன்றும் மலேசியா சமனுக்காக முன்னேறி ஆட வேண்டியிருந்த இரண்டாம் பாதியில் விழுந்தவை. கடைசி கோல் ஆட்டம் முடியும் தறுவாயில். ஐந்து கோலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பயிற்றுநர் மறுநாள் உட்கார்ந்து பார்த்தது ஒரு பெரிய ஓட்டையை அல்ல, திருத்தக்கூடிய நாலைந்து தவறுகளையே என்று எண்ண இடமிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் விழுந்த கோல் பூஜ்யம். அதற்கடுத்த ஆட்டத்தில் ஒன்று. அரையிறுதியில் 2008 சாம்பியனான வியட்நாமுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் பூஜ்யம். அதில் ஒன்று ஹனோயில். மொத்தம் ஏழு ஆட்டத்தில் விழுந்த எட்டு கோலில் ஐந்து முதல் நாளே விழுந்துவிட்டன. எஞ்சிய ஆறு ஆட்டத்துக்கு மூன்றுதான்.

இனி சர்ச்சைக்குரிய ஆட்டத்துக்கு வருவோம். டிசம்பர் 26, புக்கிட் ஜாலில், இறுதியின் முதல் ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில், பார்வையாளர் பகுதியிலிருந்து லேசர் ஒளி முகத்தில் அடிப்பதாகச் சொல்லி இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறினார்கள். ஆட்டம் ஏறத்தாழ எட்டு நிமிடம் நின்றது. மீண்டும் தொடங்கிய பிறகு 61, 68, 73ஆம் நிமிடங்களில் மூன்று கோல்: சஃபி, அஷாரி, மறுபடி சஃபி. இதை வைத்து இரண்டு வாசிப்புகள் எழுந்தன. ஒன்று, எதிரணியின் கவனம் சிதைந்ததால் கோல்கள் விழுந்தன என்பது. மற்றொன்று நம் பக்கத்தினர் சொல்வது: கூட்டத்தின் உணர்ச்சியும் தாக்குதல் வேகமும் வென்றன என்பது. ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஆட்டத்தின் பொருளை அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் தேடுகின்றன.

நான் கேட்பது அதற்கு முந்திய நிமிடங்களைப் பற்றி. அன்றுவரை இந்தோனேசியா ஐந்து ஆட்டத்தில் ஐந்து வெற்றி பெற்றிருந்தது. போட்ட கோல் 15, வாங்கியது 2. அப்படிப்பட்ட அணி, ஆட்டம் நிற்கும்வரை ஒரு கோலும் போடவில்லை. அதுவரை லேசரைக் காரணம் காட்டி அவர்கள் ஆட்டத்தை நிறுத்தவும் இல்லை. லேசர் ஒரு பக்கத்துக்குக் கோல் விழக் காரணமாக இருந்திருக்கலாம் என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், மறுபக்கம் விழாததற்கு அது காரணமாகாது. முதல் பாதியின் பூஜ்யத்தை யாரோ உழைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. இந்தோனேசியாவின் ஐந்து வெற்றியும் சொந்த நாட்டில், ஜகார்த்தாவில் பெற்றவை. அரையிறுதியில் பிலிப்பைன்சுக்கு எதிரான இரண்டு ஆட்டமும்கூட அங்கேயே நடந்தன. ஆகவே அந்த 15 கோல் சொந்தத் திடலின் கணக்கு. புக்கிட் ஜாலிலில் அது சுருங்கியதில் வியப்பில்லை என்று வாதிடலாம். இதற்குப் பதில் மூன்று நாள் கழித்துக் கிடைக்கிறது. டிசம்பர் 29, கெலோரா பூங் கார்னோ அரங்கம். 28 நாள் முன்பு ஐந்து கோல் வாங்கிய அதே திடல், அதே எதிரணி, இந்த முறை கிண்ணமே பணயம். முதல் பாதியில் பிர்மான் உத்தினாவின் பினால்டியைக் கைருல் ஃபாமி பிடித்துவிட்டார். 54ஆம் நிமிடத்தில் சஃபியின் கோல். இந்தோனேசியாவின் முதல் கோல் 72ஆம் நிமிடத்தில்தான் விழுந்தது, இரண்டாவது 87இல். மொத்தக் கணக்கு 4–2. தோற்ற ஆட்டம் என்று பதிவான இந்த 1–2, அணி எவ்வளவு மாறியிருந்தது என்பதை வெற்றிகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

பினால்டியைப் பயிற்றுநர் பிடிக்கவில்லையே என்பார்கள். சரிதான். கைருல் ஃபாமியை வளர்த்த பெருமையும் ராஜகோபாலுக்கு மட்டும் உரியதன்று. அவர் கிளந்தான் அணியின் கோல் காவலர். அந்த அணி அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று நெகிரி செம்பிலானை 2–1 என வென்று முதன்முறையாக மலேசியக் கிண்ணம் ஏந்தியபோது பயிற்றுநராக இருந்தவர் எம். கராத்து, பேராக் காற்பந்தில் நெடுநாள் அறியப்பட்ட பெயர். தேசிய அணியின் தற்காப்பில் மாநிலப் பயிற்றுநர்களின் கை எவ்வளவு என்பது தனியே எழுத வேண்டிய பொருள்.

ஒரே தொடரை வைத்து ஒருவரின் முறையைச் சொல்லிவிட முடியாது. ஆகவே ராஜகோபால் காலத்தில், தென்கிழக்காசிய எதிரணி ஒன்றை ஒரே தொடரில் மீண்டும் சந்தித்த ஆட்டங்களை இணைகளாக வைத்துப் பார்த்தேன். 2009இல் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் 23 வயதுக்கு உட்பட்டோர் அணி பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1–3 எனத் தோற்றது. இறுதியில் அதே வியட்நாமை 1–0 என வென்று, 1989க்குப் பிறகு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தது. வாங்கிய கோல் மூன்றிலிருந்து பூஜ்யம். 2010இல் இந்தோனேசியாவுக்கு எதிராக ஐந்திலிருந்து பூஜ்யம். 2011 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3–5. ஐந்து நாள் கழித்து 1–1. ஐந்திலிருந்து ஒன்று. மூன்று இணையிலும் முதல் சந்திப்பு தோல்வி. மூன்றிலும் இரண்டாம் சந்திப்பில் அரண் எழுந்துவிட்டது. சிங்கப்பூருக்கு எதிராக அது காலம் கடந்து எழுந்தது. மலேசியா மொத்தக் கணக்கில் 4–6 என வெளியேறியது. எனவே இந்த இணையை வெற்றியின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. தற்காப்பின் பட்டியலில் அது சேர வேண்டும்.

மற்ற மூன்று இணைகளின் முகம் வேறு. முதல் சந்திப்பில் தோற்காத இடங்கள் அவை. 2010 அரையிறுதியில் வியட்நாமுக்கு எதிராக பூஜ்யம், பிறகும் பூஜ்யம். இறுதியில் பூஜ்யத்திலிருந்து இரண்டு. 2012 சுசுகி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்துடன் சொந்தத் திடலில் 1–1, அடுத்து பேங்காக்கில் 0–2. சீன தைப்பேயை இங்கே சேர்த்தாலும் இதே கதைதான்: 2011இல் முதலில் 2–1 வெற்றி, பிறகு 2–3, வெளித்திடல் கோல் கணக்கில்தான் தப்பித்தோம். ஆக, ராஜகோபாலின் தற்காப்பு தோல்விக்குப் பிறகே கூர்மையானது. வென்ற அல்லது சமன் செய்த ஆட்டத்திலிருந்து அவரால் அதே அளவு கற்றுக்கொள்ள முடிந்ததாகத் தெரியவில்லை. அவரைப் போற்றுவோரும் பழிப்போரும் இந்த இரண்டாம் பாதியைப் பேசவில்லை.

ஆறு இணை என்பது சிறிய தொகை. அதில் ஒன்று வயது வரம்புள்ள அணியின் ஆட்டம். இதற்குமேல் அவற்றின்மீது பாரம் ஏற்ற எனக்கும் விருப்பமில்லை. ஐந்து கோல் வாங்கிய எந்த அணியும் அடுத்த ஆட்டத்தில் குறைவாகத்தான் வாங்கும், இதில் பயிற்றுநருக்கு என்ன வேலை என்று புள்ளியியல் அறிந்தவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். குறைவது வேறு, அடுத்த சந்திப்பில் பூஜ்யமாவது வேறு. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றை ஏன் விட்டாய் என்றால், அங்கே எதிரணிகளின் தரம் வேறு என்பதே என் பதில்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் தடைக்கு இப்போது திரும்பலாம். உள்ளூர் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கு அது வாய்ப்பளித்தது என்ற வாதம் சரியே. நடுத் தற்காப்பு இடங்களும் உள்ளூர்க்காரர்களுக்கே போயின என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே தடையால் நம் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இரண்டு பருவம் முழுக்க லீக்கில் ஒரு வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரரையும் எதிர்கொள்ளவில்லை. 2010 டிசம்பர் 1 அன்று அவர்கள் முன் நின்றவர் மொண்டேவிடேயோவில் பிறந்து அதே ஆண்டில் இந்தோனேசியக் குடியுரிமை பெற்ற கிறிஸ்தியான் கொன்சாலெஸ். ஐந்தில் ஒரு கோல் அவருடையது. தடை கிண்ணத்தைத் தந்தது என்போர், அந்தத் தடையே முதல் நாள் தோல்விக்கும் வழிவிட்டிருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியானால் 28 நாளில் அந்த இடைவெளியை அடைத்தது யார்?

அதற்குச் சட்டென்று பெயர் சொல்ல முடியாமல் நாம் தடுமாறுவதற்கு நம் பதிவுமுறையே காரணம். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஆடும் வேறு ஆட்டம் அது) தற்காப்புக்கென்றே தனிப் பயிற்றுநர் உண்டு; அவர் வாழ்வும் தனியே எழுதப்படுகிறது. பட் ஃபாஸ்டர் 1987இல் தலைமைப் பயிற்றுநர் ஃபிராங்க் பீமருடன் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1995 முதல் 2019 வரை அதன் தற்காப்பை நடத்தினார். ஒருநாளும் அங்கே தலைமைப் பயிற்றுநர் ஆகவில்லை. 2006இல் துணைப் பயிற்றுநர்களுக்கான பிராய்ல்ஸ் விருது பெற்றார். எதிரணிக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார் என்பதே அவர் வரலாறு. நம் காற்பந்தில் தற்காப்பின் வேலை தலைமைப் பயிற்றுநரின் பெயருக்குள் கரைந்துவிடுகிறது; தலைமைப் பயிற்றுநரின் பெயரோ கோல் போட்டவரின் நிழலில் மறைகிறது. மலேசிய இந்தியர் விளையாட்டு வரலாற்றை எழுதிய ஒரு மரபு ராஜகோபாலை ஆட்டக்காரர்களின் மனமறிந்த அண்ணனாகவே சித்திரித்தது. அந்தப் பாசமான சித்திரத்தில் அவருடைய தொழில்நுட்பம் காணாமல் போயிற்று. இந்தோனேசியாவின் ஆல்ஃப்ரட் ரீடல், தாய்லாந்தின் ரோப்சன், வியட்நாமின் கலிஸ்தோ ஆகிய மூன்று வெளிநாட்டுப் பயிற்றுநர்களின் அணிகளை ஒரே மாதத்தில் சந்தித்து, அந்த ஆறு ஆட்டத்தில் நான்கில் கோல் வாங்காமல் வந்தவரை உணர்ச்சியால் மட்டும் விளக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

தைப்பிங்கிலிருந்து எழுதும்போது இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. கமுந்திங், பாகான் செராய், செலாமா வட்டாரத்துத் தோட்டங்களில் காலையில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் திடலில் இறங்கியவர்களைப் பற்றி இன்றைய பெரியவர்களிடம் கேட்டால் கோல் போட்டவர் பெயர் உடனே வரும். பின்வரிசையை நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தவர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, எழுதி வைக்காத அந்தப் பெயர்கள் கூடவே போய்விட்டன. ராஜகோபால் கோலாலம்பூர்க்காரர். தோட்டத் திடலிலிருந்து அவருடைய தற்காப்புக்கு நேர்கோடு இழுப்பது எனக்கு உடன்பாடில்லை. அப்படி இழுத்த எழுத்துகளை இங்கே விவாதிக்கவும் அவசியமில்லை. ஆனால் அவருடைய வேலை மறைந்த விதமும் தோட்டத்துப் பயிற்றுநர்களின் வேலை மறைந்த விதமும் ஒன்றே.

ஆகவே ஒரு வேண்டுகோள். பேராக்கில் தோட்ட அணிக்கோ பள்ளி அணிக்கோ பயிற்சி கொடுத்தவர்களின் வீட்டில் ஆட்டக் குறிப்பேடு, அணிப் பட்டியல், போட்டி அட்டவணை எதுவாவது இருந்தால், பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படியெடுத்து ஒரு பிரதியை 1883 முதல் தைப்பிங்கில் இயங்கிவரும் பேராக் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க முயலுங்கள். கோல் விழாத ஆட்டங்களின் குறிப்பு இருந்தால் அதை முதலில் கொடுங்கள்.