லா திராக்கா

லா திராக்கா ஸ்பெயினின் வாலன்சியா நகரிலிருந்து வெளிவந்த அங்கத வார இதழ். ‘திராக்கா’ என்றால் சரவெடி. திருவிழாக்களில் சரவெடி கொளுத்துவது வாலன்சியாவின் பழைய வழக்கம். மன்னராட்சியையும் கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரத்தையும் கேலிச்சித்திரங்களால் தாக்கிய இதழுக்கு அப்பெயர் பொருந்தியது.

தோற்றம்

1884இல் மானுவேல் யூக் சொலேர் இவ்விதழைத் தொடங்கினார். அப்போது இது வாலன்சிய மொழியில் வெளிவந்தது. தடைகளால் பலமுறை நின்று, மீண்டும் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசென்டே மிகேல் கார்செல்யேர் இதன் பொறுப்பை ஏற்றார். 1923இல் பிரிமோ தெ ரிவேரா ஆட்சியைக் கைப்பற்றிய பின் தணிக்கை இறுகியது. லா திராக்கா நிறுத்தப்பட்டது. கார்செல்யேர் ‘லா சாலா’ என்ற வேறோர் நகைச்சுவை இதழை நடத்தினார்.

குடியரசுக் காலம்

1931 ஏப்ரல் 14 அன்று இரண்டாம் குடியரசு அறிவிக்கப்பட்டது. மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நாட்டை விட்டு வெளியேறினார். தடை நீங்கிய லா திராக்கா இம்முறை ஸ்பானிய மொழியில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. சில இதழ்கள் 5,00,000 படிகள் வரை விற்றதாகக் கூறப்படுகிறது. எழுத்தறியாதோர் ஏராளமாக இருந்த நாட்டில், படம் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய கேலி பாமர மக்களையும் சென்றடைந்தது.

திருச்சபையையும் அரசையும் 1931ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிரித்தது. அதையொட்டி எழுந்த பூசலில் லா திராக்கா குருமாரைக் கடுமையாக இழிவுபடுத்தியது. குருமாரை என்ன செய்யலாம் என்று 1936இல் வாசகர்களிடமே கேட்டுப் பதில்களை வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுப் பகுதியில் ஏறத்தாழ 6,800 குருமாரும் துறவியரும் கொல்லப்பட்டனர். அக்கொலைகளுக்குக் காரணங்கள் பல. எனினும் கேலி எங்கே முடிகிறது, வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இவ்விதழின் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

முடிவு

போர்க்காலத்தில் இதழின் கேலிக்கு முதன்மை இலக்கானவர் தளபதி பிராங்கோ. ‘பிளஃப்’ என்ற புனைபெயரில் வரைந்த கார்லோஸ் கோமெஸ் கரேரா இதன் ஓவியர்களுள் ஒருவர். 1939 மார்ச் இறுதியில் வாலன்சியா பிராங்கோ படையிடம் வீழ்ந்தது. இருவரும் கைதாகி, இராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றனர். 1940 ஜூன் 28 அன்று வாலன்சியாவுக்கு அருகிலுள்ள பத்தேர்னாவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் அவ்வூரில் 2,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கொல்லப்பட்டனர்.

பிராங்கோவின் ஆட்சி 1975 வரை நீடித்தது. அதுவரை இதழைப் பற்றிப் பேச வழியில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே ஆய்வாளர்கள் இதன் வரலாற்றைத் தொகுத்தனர். 2016இல் வாலன்சியா பல்கலைக்கழகம் லா திராக்கா குறித்த கண்காட்சியை நடத்தியது. கார்செல்யேரும் பிளஃப்பும் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். அச்சிட்டதற்கும் வரைந்ததற்கும் உயிரை விலையாகக் கொடுத்தவர்கள்.