குடோன் கணக்கும் பேஜ் டேபிளும்: மான்செஸ்டரிலிருந்து மெட்ராஸ் வரை

போன வாரம் பெருந்துறைப் பக்கமிருந்து கல்லூரி மாணவர் ஒருத்தர் கேள்வி அனுப்பியிருந்தார். "சின்னதா ஒரு கெர்னல் எழுதிப் பார்க்கறேன். பேஜிங்கை ஆன் பண்ணின உடனே மெஷின் ரீபூட் ஆகுது. எங்க தப்பு?" படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. பீளமேட்டில் விடுதி அறையில் இருந்த காலத்தில் எனக்கும் அப்படியே நடந்தது. மூணு ராத்திரி தூக்கம் போச்சு. பதில் ரெண்டு வரிதான். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னால் அறுபது வருஷக் கதை இருக்கு. அதில் நம்ம மெட்ராஸ் ரெண்டு தடவை வருது.

முதல்ல பேஜ் டேபிள்னா என்னன்னு ஈரோட்டு மஞ்சள் குடோனை வெச்சுச் சொல்லிடறேன். கோபியிலிருந்து ஒரு விவசாயி நாற்பது மூட்டை இறக்குறார். அவர் கையில் இருக்கிற சீட்டில் மூட்டை ஒண்ணு முதல் நாற்பது வரை வரிசையா இருக்கு. உள்ளே அப்படி இல்லை. பத்து மூட்டை வாசல் பக்கம், பதினஞ்சு பின் வரிசையில், மிச்சம் எங்கே இடம் கிடைச்சதோ அங்கே. சிவகிரிக்காரர் ஒருத்தர் கையிலும் ஒண்ணு முதல் நாற்பதுன்னு இன்னொரு சீட்டு இருக்கலாம். குழப்பம் வராது. ஏன்னா யாரோட எந்த மூட்டை எந்த வரிசையில்னு ஆளுக்கு ஒரு பேரேடு இருக்கு. குடோன் நிரம்பிட்டா, யாரும் கேட்காத மூட்டைகளை வெளியே வாடகைக் குடோனுக்கு அனுப்பிட்டு, பேரேட்டில் 'இங்கே இல்லை'ன்னு குறிச்சுடுவாங்க. கேட்டா, "கொஞ்சம் இருங்க"ன்னு சொல்லி வண்டி அனுப்பி எடுத்துட்டு வருவாங்க.

விவசாயி என்பது உங்கள் புரோகிராம். சீட்டு எண் விர்ச்சுவல் முகவரி, வரிசை எண் மெமரியில் இருக்கும் நிஜ இடம். பேரேடுதான் பேஜ் டேபிள். ஒவ்வொரு தடவையும் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறவர் சிப்புக்குள் இருக்கும் வன்பொருள். பேரேட்டை எழுதுகிறவர் கெர்னல். இந்த ரெண்டு பேரையும் ஒருத்தர்னு நினைச்சுக்கிட்டாத்தான் பாதிக் குழப்பம் வருது.

இந்த ஏற்பாடு முதலில் வந்தது இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். டாம் கில்பர்ன் தலைமையில் ஃபெராண்டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அட்லஸ் கணினி, 1962. வேகமான கோர் மெமரி 16 ஆயிரம் சொற்கள், மெதுவான டிரம் 96 ஆயிரம் சொற்கள். அதுவரைக்கும் டிரம்மிலிருந்து எதை எப்போ உள்ளே கொண்டுவரணும், எதை வெளியே தள்ளணும்னு புரோகிராம் எழுதுகிறவரே ஒவ்வொரு தடவையும் திட்டம் போடணும். அட்லஸ் மெமரியை 512 சொற்கள் கொண்ட பக்கங்களா வெட்டி, அந்த வேலையைத் தானே எடுத்துக்கிச்சு. அதில் பேரேடு கூடக் கிடையாது, தலைகீழா ஒரு ஏற்பாடு. குடோனில் 32 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 'இங்கே இருப்பது இந்த மூட்டை'ன்னு ஒரு பலகை. முப்பத்திரண்டு பலகையையும் ஒரே நேரத்தில் பார்த்துடும். எனக்கு இன்னிக்கும் இது அழகா படுது. மெமரி பெருசானா பலகைகளோட செலவு தாங்காது என்பது வேற விஷயம்.

எல்லாரும் உடனே ஏத்துக்கலைங்க. வண்டி போய் வரும் நேரத்திலேயே பொழுது போயிடும்னு பயம். அந்தப் பயம் பொய்யில்லை. பீட்டர் டென்னிங் 1968இல் 'திராஷிங்' என்ற அந்த நோயை அலசினார். ஐபிஎம் 1970இல் அறிவித்த சிஸ்டம்/370 வரிசையின் 155, 165 மாடல்கள் பேஜிங் இல்லாமலேயே வந்தன. ரெண்டே வருஷம். 1972 ஆகஸ்டில் விர்ச்சுவல் மெமரியோடு 158, 168 மாடல்களை அறிவிச்சாங்க. அதுக்குள்ளே 155 வாங்கிட்டவங்க பெரும் விலை கொடுத்து ஒரு கூடுதல் பெட்டியைச் சேர்த்தால்தான் அந்த வசதி. எவ்வளவு பேர் வயிறெரிஞ்சிருப்பாங்க, பாருங்க.

இங்கேதான் மெட்ராஸ் முதல் தடவை வருது. மேற்கு ஜெர்மனி உதவியோடு 1973இல் ஐஐடி மெட்ராஸில் நிறுவப்பட்ட கணினி ஐபிஎம் 370/155. அன்னிக்கு நாட்டில் இருந்த பெரிய கணினிகளில் ஒண்ணு. துளை போட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துட்டு முடிவுக்குக் காத்திருக்கணும். (துளை அட்டை நமக்குப் புதுசில்லை. சிறுமுகைத் தறியில் ஜக்கார்டு அட்டை ஓடுறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.)

பேரேடு இல்லாத குடோனில் என்ன ஆகும்? ஒருத்தரோட மூட்டை எல்லாம் அடுத்தடுத்து ஒரே இடத்தில்தான் வைக்கணும். அந்த வரிசை மாடலுக்கு இருந்த எம்எஃப்டி, எம்விடி இயங்குதளங்களில் ஒவ்வொரு வேலைக்கும் மெமரியில் தொடர்ச்சியான ஒரு துண்டு வேணும். இங்கே அறுபது கிலோபைட், அங்கே அறுபது கிலோபைட் காலியா இருந்தாலும், நூறு கேட்கிற வேலை வெளியே நிக்கணும். மொத்தத்தில் இடம் இருக்கு, ஆனா இல்லை. பேஜ் டேபிள் தீர்த்த பெரிய பிரச்சினை இதுதான்னு நான் நினைக்கறேன். மெமரியைப் பெருசா காட்டுறது அதுக்கு அடுத்ததுதான். அன்னியச் செலாவணிக்கு அல்லாடின அந்தக் காலத்தில், 'போன மாடலை வாங்கிட்டோம், மாத்திக்கலாம்'னு சொல்லிட முடியுமா? ரெண்டு வருஷ இடைவெளி எங்கோ நியூயார்க்கில் முடிவான ஒண்ணு. அதோட பலன் இங்கே.

பேஜிங் சாதாரண ஆளோட மேஜைக்கு வந்தது இன்டெல் 80386 சிப்போடு, 1985இல். 4 கிலோபைட் பக்கம், ரெண்டு அடுக்குப் பேரேடு, ஒவ்வொண்ணிலும் 1024 வரி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் எழுதினது இதுக்காகத்தான். 0.11 பதிப்பின் தொடக்கக் குறியீட்டில் ஒரு குறும்பு இருக்கு. அவர் பேரேட்டை வைக்கிற இடம் முகவரி பூஜ்யம். ஆனா கெர்னலின் முதல் கட்டளைகள் உட்கார்ந்திருப்பதும் அதே இடம்! அந்தக் கட்டளைகள் ஓடி முடிஞ்சதும், அவை மேலேயே பேரேடு எழுதப்படுது. எழுதுகிற கட்டளைகளை மட்டும் தள்ளி வெச்சிருப்பார். பிறகு முதல் 16 மெகாபைட்டில் ஒவ்வொரு முகவரியும் தன்னையே காட்டுற மாதிரி நிரப்பிட்டு, அப்புறம்தான் பேஜிங்கை ஆன் பண்றார்.

தம்பி, உங்க பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கு. பேஜிங் ஆன் ஆன அந்த நொடியிலிருந்து, அடுத்த கட்டளையோட முகவரியையும் சிப் பேரேட்டில்தான் தேடும். நீங்க புரோகிராம்களுக்கெல்லாம் வரி எழுதிட்டு, கெர்னல் ஓடிட்டிருக்கிற இடத்துக்கு எழுத மறந்திருப்பீங்க. மேனேஜர் எல்லா மூட்டையையும் குறிச்சுட்டு, தன் மேஜை எங்கேன்னு குறிக்காத கதை. கட்டளை கிடைக்கலைன்னு ஒரு ஃபால்ட். அதைக் கவனிக்கிற குறியீடும் பேரேட்டில் இல்லை, ரெண்டாவது ஃபால்ட். மூணாவதில் சிப் கைவிட்டு ரீபூட் ஆயிடும். கெர்னல் இருக்கிற பக்கங்களுக்கு 'தன்னையே காட்டும்' வரிகளை முதல்ல எழுதுங்க. வரிகளில் நிஜ முகவரியைப் போடுங்க, விர்ச்சுவல் முகவரியை அல்ல. அதுக்கும் சரியாகலைன்னா, பேரேடு 4096ஆல் வகுபடும் முகவரியில் தொடங்குதான்னு பாருங்க. என் மூணு ராத்திரியைத் தின்னது இதுதான். கடைசி 12 பிட்களை சிப் முகவரியாவே எடுத்துக்கிறதில்லை. நான் ஒரு இடத்தில் பேரேடு எழுதி வெச்சேன், அது வேற இடத்தைப் படிச்சுட்டிருந்தது.

மெட்ராஸ் ரெண்டாவது தடவை வருவது 2018இல். அதே ஐஐடியில், வி. காமகோடி தலைமையிலான குழு ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் வடிவமைத்த சக்தி சிப் அமெரிக்காவின் ஓரிகனில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாராகி, லினக்ஸை பூட் செய்தது. அதே ஆண்டு சண்டிகரிலும் 180 நானோமீட்டரில் ஒரு சிப் தயாரானது. சக்தியின் சி-கிளாஸ் வடிவத்தில் பேரேட்டுக்கு மூணு அடுக்கு, ஒவ்வொண்ணிலும் 512 வரி. பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிற அந்த வன்பொருளை, முன்பு 155 ஓடின அதே வளாகத்தில் உட்கார்ந்து எழுதினாங்க. வடிவமைப்பு வெளிப்படையா கிடைக்குது. பெருந்துறையிலிருந்தும் பிரிச்சுப் படிக்கலாம்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. அதில் இதே தப்பைப் பண்ணினா ரீபூட் ஆகாது. ஃபால்ட்டுக்குள் ஃபால்ட்டா சுத்திக்கிட்டு, திரையில் ஒரு எழுத்து வராம அப்படியே நிக்கும். அதை எப்படிப் பிடிக்கிறதுன்னு அடுத்த எபிசோடில் பார்ப்போம். வர்றேனுங்க.