மூட்டில் பதுங்கிய விஷம்

ராத்திரி இரண்டு மணி. சமையலறை சிங்க்குக்கு அடியில் ‘சொட்... சொட்...’ என்று சத்தம். அமெரிக்காவில், பாஸ்டனிலோ பிலடெல்பியாவிலோ ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம வீடுகள் மாதிரி பி.வி.சி. பைப் கிடையாது, அங்கே சுவருக்குள் ஓடுவது செப்புக் குழாய். டார்ச் அடித்துப் பார்த்தால், கசிவது குழாய் அல்ல... இரண்டு குழாய்களைப் பற்றவைத்த மூட்டு!

‘அதான் இடம் தெரிஞ்சுபோச்சே, மேலே கொஞ்சம் ஈயத்தை உருக்கி ஊத்தினா ஆச்சு’ என்று நமக்குத் தோன்றும். நடக்காது. இரண்டே நாளில் மறுபடி ‘சொட் சொட்’தான்!

விவரம் தெரிந்த பிளம்பர் முதலில் மெயின் வால்வை மூடி, குழாயிலுள்ள தண்ணீரை ஒட்ட வடித்துவிடுவார். ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே தங்கினாலும் வேலை கெட்டது. அது 100 டிகிரியில் கொதித்தபடி, காட்டுகிற சூட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கும். பற்றாசு நன்றாக இளகி ஓடவோ 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால்? அதற்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. வெள்ளை பிரெட்டைப் பிய்த்துக் குழாய்க்குள் அடைத்துவிடுவார்கள்! வேலை முடிந்து தண்ணீரைத் திறந்தால் பிரெட் கரைந்து வெளியே வந்துவிடும்.

பிறகு மூட்டைச் சூடாக்கிக் கழற்றி, பழைய ஈயத்தை வழித்தெடுத்து, செம்பு பளபளக்கும்வரை எமரித்தாளால் தேய்த்து, பிளக்ஸ் தடவி மறுபடி செருகுவார். சூடு காட்டுவது மூட்டுக்கு. பற்றாசுக் கம்பிக்கு அல்ல. பதம் வந்ததும் கம்பியால் ஓரத்தைத் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, அந்த மெல்லிய இடுக்குக்குள் சர்ரென்று ஓடி நிறைந்துவிடும். மேல்நோக்கிக்கூட!

சரி, அந்தக் கம்பியில் என்னதான் இருக்கிறது? அங்கேதான் இரண்டாயிரம் வருஷத்துக் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, தமிழில் ஈயம் இரண்டு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு, வெள்ளீயம். மீன் வலையில் கனத்துக்குக் கட்டுகிற குண்டு, காரீயம். முன்னது சமையலறைக்கு ஆகும், பின்னது விஷம். ரோமானியர்களும் கிட்டத்தட்ட இப்படியேதான் சொன்னார்கள் என்பது ஆச்சரியம்! இரண்டுக்குமே அவர்கள் வைத்த பெயர் ‘ப்ளம்பம்’. வெள்ளீயம் வெள்ளை ப்ளம்பம்; காரீயம் கறுப்பு ப்ளம்பம். அதில் வேலை செய்கிறவன் ‘ப்ளம்பாரியஸ்’. நாம் போன் போட்டால் ‘நாளைக்கு வர்றேன் சார்’ என்கிறாரே பிளம்பர், அவருடைய பெயருக்கு மூலம் இதுதான்!

ரோமானியர்கள் காரீயத்தை உருக்கித் தகடாக வார்த்து, ஓர் உருளையைச் சுற்றி வளைத்துக் குழாய் செய்தார்கள். தகட்டின் இரண்டு ஓரங்களும் சந்திக்கிற இடத்தை அடைத்தாக வேண்டுமே? கி.பி. 77 வாக்கில் ப்ளினி என்ற ரோமானிய அறிஞர் அதற்கான பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார்: கறுப்பு இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. காரீயம் தனியாக உருக 327 டிகிரி வேண்டும்; வெள்ளீயத்துக்கு 232. இரண்டையும் கலந்தாலோ 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். பற்றவைப்பதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனால், ப்ளினிக்கும் முன்பே, கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் எச்சரித்துவிட்டார். காரீயக் குழாய்த் தண்ணீர் உடம்புக்கு ஆகாது. சந்தேகமிருந்தால் காரீய வேலை செய்கிறவர்களின் வெளுத்துப்போன உடம்பைப் பாருங்கள் என்றார். மண் குழாயே மேல். பழுதானால் யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம் என்றும் எழுதினார். யார் கேட்டார்கள்? ரோமில் காரீயக் குழாய்கள் பெருகிக்கொண்டே போயின. (ரோம் சாம்ராஜ்யம் விழுந்ததே இதனால்தான் என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகை!)

இருபதாம் நூற்றாண்டில் செப்புக் குழாய் வந்தது. லேசு, துருப்பிடிக்காது, மரை வெட்ட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு செம்புதான். ‘அப்பாடா, காரீயம் ஒழிந்தது’ என்று நிம்மதியாக இருந்தார்கள். அது ஒழியவில்லை, மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது! பிளம்பர்கள் பயன்படுத்திய பற்றாசு, பாதிக்குப் பாதி காரீயம். செம்பும் காரீயமும் பக்கத்துப் பக்கத்தில் நனைந்து கிடந்தால், ஒரு குட்டி பேட்டரி மாதிரி. காரீயம் மெள்ள மெள்ளக் கரையும். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீர் காலையில் முதல் டம்ளராக வரும்போது, அதுவும் கூடவே வரும். பிறக்கும் நிறமில்லை, வாசனையில்லை. அதைப் பிடித்துத்தான் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குவார்கள். காரீயம் முதலில் கைவைப்பது குழந்தையின் மூளையில்.

விட்ருவியஸ் சொன்னதற்குச் சட்டம் காதுகொடுக்க இரண்டாயிரம் வருஷம் ஆயிற்று! 1986-ல்தான் அமெரிக்கா குடிதண்ணீர்க் குழாய்களில் காரீயப் பற்றாசைத் தடைசெய்தது. பற்றாசில் 0.2 சதவிகிதத்துக்கு மேல் காரீயம் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அதே சட்டம் குழாய்களிலும் இணைப்புகளிலும் 8 சதவிகிதம்வரை காரீயம் இருந்தாலும் ‘காரீயமற்றது’ என்று சொல்லிக்கொள்ள அனுமதித்தது! அது 0.25 சதவிகிதமாகக் குறைந்தது 2014-ல்.

அதே 2014-ல்தான் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம், செலவை மிச்சப்படுத்த ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்களின் உள்ளே பாதுகாப்பாகப் படிந்திருந்த படலம் கரைந்தது. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த காரீயக் குழாய்கள்தான் முதல் குற்றவாளி. வீட்டுக்குள்ளிருந்த பழைய மூட்டுகளும் கைகோத்துக்கொண்டன. மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் 2015 செப்டம்பரில் சிறுவர்களின் ரத்தப் பரிசோதனைக் கணக்கைக் காட்டிய பிறகுதான் ஊர் விழித்தது. மறுமாதமே பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள். உள்ளே போனது போனதுதான்.

1986-க்கு முன் கட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு அமெரிக்க அதிகாரிகள் சொல்லும் யோசனை எளிமையானது. காலையில் முதல் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். குடிக்க, சமைக்கப் பச்சைத் தண்ணீரையே பிடியுங்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து வேண்டாம். சூட்டில் காரீயம் இன்னும் வேகமாகக் கரையும்.

நமது ராத்திரி இரண்டு மணி வீட்டுக்கு வருவோம். பிளம்பர் மூட்டைக் கழற்றிவிட்டார். இப்போது அவர் பையிலிருந்து எடுக்கிற கம்பிச் சுருளில் இருப்பது அநேகமாக முழுக்க வெள்ளீயம்; கொஞ்சம் செம்போ வெள்ளியோ சேர்த்திருப்பார்கள். உருக்கக் கூடுதல் சூடு வேண்டும், விலையும் ஜாஸ்தி.

நம்ம ஊரில் வாசலில் துருத்தி வைத்து ஈயம் பூசுகிறவர் வந்தால், பாட்டிமார்கள் பாத்திரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘‘ஏம்பா, வெள்ளீயம்தானே?’’

அந்தக் கேள்வியைத்தான் கேட்காமல் விட்டார்கள்!