டக் வைத்த பாவாடையும் அளவு ஜாக்கெட்டும்

காவிரிக் கரையின் கதை – 23

சென்ற வாரம் நெல்லுக்கு வந்த கண்ட்ரோலைப் பார்த்தோம். அரிசிக்குக் கார்டு வந்த அதே காலத்தில் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணையை அன்றைய அரசு பிறப்பித்தது. ஆலைத்துணி ராணுவத்துக்குப் போக, நூல் கிடைக்காமல் கைத்தறிகள் தவித்தன. 1948 ஜனவரியில் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்தார்கள். விலை எகிறியதும் அதே ஆண்டில் மறுபடியும் போட்டார்கள்.

துணிக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்த இந்தக் காலத்தை ஒட்டித்தான் தஞ்சைத் தரணியில் பெண்கள் உடுத்தும் விதமே மாறியது. 1940க்கும் 1965க்கும் இடையில் பதினெட்டு முழம் ஆறு கஜமானது. ரவிக்கை ஜாக்கெட்டானது. திண்ணையில் தையல் மெஷின் ஏறியது. "எல்லாம் சினிமாவைப் பார்த்து வந்தது" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். சினிமாவுக்கு ஒரு பங்கு உண்டுதான். ஆனால் வயலில் நடந்த போராட்டத்துக்கும், நாகப்பட்டினத்துக்கு வந்த கப்பலுக்கும், கையால் சுற்றும் ஒரு மெஷினுக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

உடையே சாதி

அந்தக் காலத்தில் ஒரு பெண் தெருமுனையில் வரும்போதே அவள் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். அக்கிரகாரத்தில் கல்யாணமான பெண்களுக்குப் பதினெட்டு முழம், அதாவது ஒன்பது கஜம், மடிசார்க் கட்டு. முந்தானை வலத்தோளில் விழுந்தால் ஐயர் வீடு, இடத்தோளில் விழுந்தால் ஐயங்கார் வீடு. கணவனை இழந்தவளுக்கு ரவிக்கை கிடையாது. குடியானவத் தெருவில் பின்கொசுவம். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று எழுதினார். சாதியை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்றாக உடையையும் அவர் கவனித்தார்.

சேரியில் நிலைமை வேறு. புடவை முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, ரவிக்கை போடக்கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் அதை வெளிப்படையாகவே அறிவித்தார்கள். 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது, ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று அந்தப் பட்டியல் நீண்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடி வாங்கி, கடைசியில் 1859இல் அரச உத்தரவு வந்து எழுபது ஆண்டு கடந்த பிறகு நடந்த கதை இது.

கீழத்தஞ்சையில் மாற்றத்தைத் தொடங்கி வைத்தது விவசாயிகள் சங்கம். 1943இல் மன்னார்குடிக்கு அருகே தென்பரையில் கிளை தொடங்கியது. சங்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவ் சேரி சேரியாக நடந்தார். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுவதும் ஒழியவேண்டும் என்பது முதல் கோரிக்கை. 1944இல் மன்னார்குடியில் அதற்கு ஒப்பந்தமும் ஏற்பட்டது. பண்ணையாளுக்கு அதுவரை நெல்தான் கூலி. துணி என்பது ஆண்டுக்கொரு முறை மிராசுதார் பார்த்துக் கொடுக்கும் வேட்டியும் சேலையும். எதை உடுத்துவது என்பதைக் கொடுப்பவரே தீர்மானித்தார். 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. கூலி கேட்டு வாங்கக் கற்ற பெண், ரவிக்கைத் துணியையும் தானே வாங்கினாள். மற்ற தெருக்களில் நாகரிகமாக நுழைந்த ஜாக்கெட், சேரியில் உரிமையாக நுழைந்தது.

முடிச்சிலிருந்து கொக்கிக்கு

பழைய ரவிக்கைக்கு மெஷின் தேவைப்படவில்லை. முன்பக்கத்து இரண்டு ஓரங்களையும் மார்புக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். பொத்தான் இல்லை, காஜா இல்லை. உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் முடிச்சு சமாளித்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் நாற்று நடக் குனியவும் வசதி. ஓட்டுத்தையல் தெரிந்த யாரும் கையாலேயே தைத்துவிடலாம்.

ஜாக்கெட் அப்படி இல்லை. உடம்போடு ஒட்டி நிற்க டாட் பிடிக்கவேண்டும், அக்குள் வளைவு சரியாக வெட்டவேண்டும், கொக்கிப் பட்டி வைக்கவேண்டும். துணியைக் கிராஸில் வெட்டினால்தான் இழுபடும். நேராக வெட்டினால் கையைத் தூக்கும்போது கிழியும். இதற்கு அளவு வேண்டும். அளவெடுக்க ஆண் தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு நிற்பதை எந்த வீடும் ஒப்பவில்லை. அங்கே பிறந்த ஏற்பாடுதான் அளவு ஜாக்கெட். நன்றாகப் பொருந்திய ஒரு பழைய ஜாக்கெட்டைத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிடுவது. தையல்காரர் அதைப் பலகைமேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுவார். ஒரு பெண்ணை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காமல் இருபது வருஷம் அவளுக்குத் தைத்துக் கொடுத்தவர்கள் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் இருந்தார்கள். "கொஞ்சம் லூஸ் வைக்கச் சொல்லு" என்ற செய்தி மட்டும் வீட்டுப் பையன் மூலம் போகும்.

காந்தி விலக்களித்த இயந்திரம்

ஐசக் சிங்கர் அமெரிக்காவில் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல். ஊசியின் காதை அடிமுனைக்குக் கொண்டுபோனதும், மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே பின்னிக்கொள்ளச் செய்ததும்தான் தையல் மெஷினின் சூட்சுமம். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரங்களையுமா எதிர்க்கிறீர்கள் என்று காந்தியிடம் கேட்டார். காந்தி விலக்களித்த முதல் பொருள் சிங்கர் மெஷின். மனைவி ஊசியோடு படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். உண்மைச் சிங்கர் பல பெண்களோடு குடித்தனம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். அது காந்தியின் காதுக்கு எட்டவில்லை போலும். கேள்வி கேட்ட ராமச்சந்திரன்தான் பின்னாளில் டி.எஸ். சௌந்தரத்தோடு சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்.

1930களின் நடுவில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 'உஷா' மெஷினைத் தயாரிக்கத் தொடங்கியது. 1938இல் லாலா ஸ்ரீராம் அந்த நிறுவனத்தைக் கையிலெடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு டெல்டாவின் நடுத்தர வீடுகளுக்குள் வந்தது பெரும்பாலும் உஷாதான். கால் மெஷின் தையல்காரருக்கு. வீட்டுப் பெண்களுக்குக் கை மெஷின். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலக்கையால் பிடியைச் சுற்றி, இடக்கையால் துணியைத் தள்ளலாம். புடவை சக்கரத்தில் மாட்டும் பயமில்லை. மூடி போட்டு அலமாரி மேல் ஏற்றிவிடலாம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் வரிசையில் வெண்கலப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மெஷினும் ஏறியது இப்படித்தான்.

வீட்டுக்குள் வந்த மெஷின் முதலில் தைத்தது பாவாடையை. வளரும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் புதுத்துணி எடுக்க முடியாத காலத்தில், டக் ஒரு பெரிய சிக்கனம். பாவாடையின் கீழ்ப்பகுதியில் ஒரு அங்குல மடிப்பு வைத்துத் தைத்தால் அது இரண்டு அங்குலத் துணியை உள்ளே பதுக்கிக்கொள்ளும். மூன்று டக் வைத்தால் ஆறு அங்குலம். பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் வெயில் படாத நிறம் பட்டையாகத் தெரியும். பட்டையை எண்ணினால் பாவாடைக்கு எத்தனை வயது என்று கணக்கிடலாம். அம்மாவின் பட்டுப்புடவை கிழிந்தால் ஜரிகைக் கரையோடு பட்டுப் பாவாடை, நூல் புடவை நைந்தால் தூளி, மிச்சத்தில் சுருக்குப்பை. நவராத்திரித் தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துண்டுகள் ஒட்டுப்போட்டுத் தலையணை உறையாகும். கண்ட்ரோல் கற்றுக்கொடுத்த பாடத்தை, கண்ட்ரோல் போனபிறகும் டெல்டாப் பெண்கள் மறக்கவில்லை.

ராஜகுமாரியும் ராஜுலாவும்

இனி சினிமா. அதன் பெரிய நட்சத்திரம் ஒருவர் இந்த மண்ணிலிருந்தே போனவர். தஞ்சாவூர் ரங்கநாயகி ராஜாயி என்ற டி.ஆர். ராஜகுமாரி, பாடகி தஞ்சாவூர் குஜலாம்பாளின் பேத்தி. 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்', 1948இல் வந்த 'சந்திரலேகா' இரண்டிலும் அவர் முக்கிய வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்துப் படங்களில் தோள் உப்பிய பஃப் கை பரவலாகத் தெரியும். ஐம்பதுகளில் கை முழங்கையை நோக்கி இறங்கி ஒட்டியது. அறுபதுகளில் பத்மினி, சரோஜாதேவி காலத்தில் குட்டையாகி இறுகியது. 1961இல் 'பாலும் பழமும்' வந்தபின் ஒரு வகைக் கட்டம் போட்ட புடவைக்கு அந்தப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் கும்பகோணம் கடைகளில் 'பாலும் பழமும் கட்டம்' என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள்.

துணி வந்த இன்னொரு வழி கடல். 1926இல் ஓடத் தொடங்கிய ராஜுலா கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. நாகூர், கூத்தாநல்லூர், ராஜகிரி வீடுகளுக்குச் சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், கொண்டுவந்த பெட்டிகளில் ஜார்ஜெட்டும் நைலானும் இருந்தன. துவைத்தால் நொடியில் காய்ந்து, இஸ்திரி கேட்காத நைலான் புடவை, ஒன்பது கஜத்தைப் பிழிந்து உலர்த்திக் கைவலித்த பெண்களுக்கு வரமாகத் தெரிந்தது. கைத்தறிக்கு அது இன்னொரு அடி. நெசவாளர் பட்டினி கிடந்த 1953இல் முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று டெல்லியிடம் வாதாடினார். எதிர்முகாமில் இருந்த அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்.

தையல் டீச்சர்

ஊசி வேலையைப் பாடமாக்கியவை மிஷன் பள்ளிகள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களையொட்டி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, ஏழைப் பெண்களின் கையில் காசு புழங்கவைத்தார். தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பள்ளிகளிலும் எழுத்தோடு ஊசி வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் ஒரு பாடம். தேறியவர் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் ஆகலாம். அவரிடம் படித்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மாதிரி நோட்டு இருக்கும். பக்கத்துக்கு ஒரு துண்டுத் துணி: ஓட்டுத்தையல், ஹெம்மிங், சங்கிலித்தையல், காம்புத்தையல், காஜா, டக், குட்டி ஜாக்கெட், உள்ளங்கை அளவில் ஒரு ஃபிராக்.

நிட்டிங்கும் உண்டு. டெல்டா வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு? இங்கே கம்பளி பின்னியது பிறந்த குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் போட. மார்கழி விடியலில் பஜனைக்குப் போகும் தாத்தாவுக்கு மப்ளர் சுற்ற. பிளெயின் ஒரு வரி, பர்ல் ஒரு வரி என்று கண்ணை மூடிக்கொண்டு பின்னுவார்கள். 1962 சீனப் போரின்போது நாடெங்கும் பெண்கள் ஜவான்களுக்காகக் கம்பளி பின்னினார்கள். ஆனால் இங்கத்திய வீடுகளில் கம்பளியைவிட அதிகம் ஓடியது குரோஷா ஊசி. ரேடியோவுக்கு உறை, ஜாக்கெட் கைக்கு லேஸ் என்று ஒற்றை நூலில் என்னென்னவோ வந்தன.

1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் வந்தது. கிராம சேவிகாக்கள் மாதர் சங்கங்களுக்குத் தையல் வகுப்பைக் கொண்டுபோனார்கள். விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அரசு தரும் உதவி என்றாலே தையல் மெஷின் என்றானது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழக அரசு இலவச மெஷின் கொடுக்கும் திட்டம் அந்த மரபின் தொடர்ச்சி.

அந்த மெஷின் திண்ணைக்கு வந்ததும் அளவு ஜாக்கெட்டின் தேவையும் குறைந்தது. பெண்ணுக்குப் பெண்ணே அளவெடுத்தாள். மாமியாரிடமோ கணவனிடமோ கணக்குச் சொல்லவேண்டாத முதல் எட்டணா பல பெண்களுக்கு அங்கேதான் கிடைத்தது. நிலம் ஆண் பெயரில், நெல் ஆண் கையில் இருந்த ஒரு வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தஞ்சைப் பெண்களின் பொருளாதார வரலாற்றை எழுதுகிறவர்கள் பத்திரப் பதிவுகளைப் புரட்டுவதோடு நிற்கக்கூடாது. தையல் கணக்கு எழுதிய பழைய நாற்பது பக்க நோட்டுகளையும் தேடவேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் மாதிரி நோட்டோ, டக் பிரித்த பாவாடையோ, முடிச்சு ரவிக்கையோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய போட்டோக்களின் பின்புறம் பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ஜாக்கெட் கையைப் பாருங்கள். பஃப் கையா, முழங்கையா, குட்டைக் கையா என்பதே ஏறக்குறைய பத்தாண்டைச் சொல்லிவிடும்.

அடுத்த வாரம்: கூறைநாட்டிலும் திருபுவனத்திலும் தறிச் சத்தம்.

(தொடரும்)