கணினிக்குள் இன்னொரு ஹார்ட் டிஸ்க் - ஒரு சின்ன வரலாறு

மேசைக் கணினி வைத்திருக்கும் எவருக்கும் ஒரு நாள் அந்தச் செய்தி திரையில் வந்தே தீரும்: டிஸ்க்கில் இடம் இல்லை. செய்யக்கூடியது இரண்டுதான். இருப்பதை அழிக்கலாம், அல்லது இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டலாம். மாட்டுவது இன்று பத்து நிமிட வேலை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கை வைத்து நான்கு திருகு முடுக்கி, ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள் செருகினால் முடிந்தது.

இந்தப் பத்து நிமிடம் வந்து சேர நாற்பத்தைந்து வருடம் பிடித்தது. அந்தக் கதையில் பொறியியல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வியாபாரமும் இருக்கிறது.

கணக்கு எழுதப் பிறந்த டிஸ்க்

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் 305 ரேமாக் என்ற கணினியை அறிவித்தது. அதோடு வந்த 350 என்ற சேமிப்புப் பெட்டிதான் உலகில் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெய்னால்ட் ஜான்சன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாமல் போகலாம். வாடகையோ முழு கணினிக்கும் மாதம் 3,200 டாலர்.

ரேமாக் என்ற பெயரிலேயே 'அக்கவுண்டிங்' ஒளிந்திருக்கிறது. அது விஞ்ஞானிகளுக்காகப் பிறந்தது அல்ல, கணக்கர்களுக்காகப் பிறந்தது. அதற்கு முன் துளையட்டைகளில்தான் வணிகக் கணக்கு. ஒரு வாடிக்கையாளரின் பாக்கியை மாற்ற வேண்டுமென்றால், அன்றைய அட்டைகளையெல்லாம் சேர்த்து வரிசைப்படுத்தி மொத்தமாக ஓட்ட வேண்டும். டிஸ்க் வந்த பிறகு, பேரேட்டில் வேண்டிய பக்கத்தைப் புரட்டுவது போல எந்தக் கணக்கையும் நேராகத் தொட முடிந்தது.

இரண்டே வருடத்தில் இடம் போதவில்லை! 1958-ல், விருப்பப்பட்டவர்கள் இரண்டாவது 350 பெட்டியையும் இணைத்துக்கொள்ளலாம் என்று ஐ.பி.எம். வழி செய்தது. 'இன்னொரு டிஸ்க் மாட்டுவது' என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பி.சி.யில் இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை

1979-ல் ஆலன் ஷுகார்ட்டும் ஃபினிஸ் கான்னரும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பின்னாளைய சீகேட். 1980-ல் அவர்கள் எஸ்.டி.-506 என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்தார்கள். கொள்ளளவு 5 மெகாபைட், விலை சுமார் 1,500 டாலர். அதாவது ஒரு மெகாபைட்டுக்கு 300 டாலர். மேசைக் கணினிக்குள் வைக்கக்கூடிய 5.25 அங்குல ஹார்ட் டிஸ்க் அதுதான் முதல்.

ஆனால் 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பி மட்டுமே. அதன் பவர் சப்ளை 63.5 வாட்தான். அன்றைய ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்ற அது போதாது. 1983 மார்ச்சில் 10 மெகாபைட் டிஸ்க்குடன் எக்ஸ்.டி. மாடல் வந்தபோது பவர் சப்ளை 130 வாட்டாக இரட்டிப்பானது. பழைய பி.சி. வைத்திருந்தவர்களுக்கு ஐ.பி.எம். விற்றது 5161 என்ற விரிவாக்கப் பெட்டி. கணினி அளவுக்கே இன்னொரு பெட்டி, அதற்குத் தனி பவர் சப்ளை! அது வேண்டாம் என்றால் பவர் சப்ளையையே மாற்ற வேண்டும்.

இந்தச் சங்கடத்தில் ஒரு சந்தை இருப்பதைக் கண்டுகொண்டது குவாண்டம் நிறுவனத்தின் துணைக் கம்பெனி பிளஸ் டெவலப்மெண்ட். 1985-ல் அது வெளியிட்ட 'ஹார்ட்கார்டு' ஓர் அங்குலத் தடிமனே உள்ள 10 மெகாபைட் டிஸ்க். கன்ட்ரோலரோடு சேர்த்து ஒரு கார்டு மாதிரி ஸ்லாட்டில் செருகினால் போதும். தனி கேபிள் இல்லை, பவர் சப்ளை மாற்ற வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. எஸ்.டி.-506 வகை டிஸ்க்குகளுக்கு 34 பின் கேபிள் ஒன்று, 20 பின் கேபிள் ஒன்று. இரண்டாவது டிஸ்க் சேர்த்தால் முதல் கேபிளைப் பகிர்ந்துகொள்ளும், இரண்டாவது கேபிள் தனியாக வேண்டும். கேபிளின் கடைசியில் இல்லாத டிஸ்க்கிலிருந்து டெர்மினேட்டரைப் பிடுங்க வேண்டும். பிறகு 'டீபக்' நிரலைத் திறந்து 'ஜி=சி800:5' என்று அடித்தால், பல கன்ட்ரோலர்களில் ஃபார்மட் செய்யும் நிரல் ஓடத் தொடங்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் கெட்டுப்போன இடங்களின் பட்டியல் இருக்கும். அதையும் ஒவ்வொன்றாகத் தட்டச்ச வேண்டும். புது டிஸ்க்கே பழுதுகளின் பட்டியலோடுதான் வரும். இன்றும் டிஸ்க்குகளில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அவற்றை டிஸ்க்கே மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மாஸ்டரும் ஸ்லேவும்

கன்ட்ரோலர் ஒருவரிடம், டிஸ்க் இன்னொருவரிடம் வாங்கினால் ஒத்துப்போகாத தலைவலி தீர வேண்டும். அதற்கு வழி, கன்ட்ரோலரை டிஸ்க்கின் மேலேயே பொருத்திவிடுவது. காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலிய கம்பெனிகள் சேர்ந்து 1980-களின் நடுவில் கொண்டுவந்த ஐ.டி.இ. இதுதான். இதில் பெரிய லாபம் பார்த்தவர் சீகேட்டிலிருந்து விலகிய ஃபினிஸ் கான்னர். அவர் 1985-ல் தொடங்கிய கான்னர் பெரிஃபெரல்ஸில் காம்பேக்கே முதலீடு போட்டது, காம்பேக்கே பெரிய வாடிக்கையாளராகவும் இருந்தது. 1990-ல் அதன் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. 1996-ல் அதை வாங்கியது யார் தெரியுமா? அவர் விட்டு வந்த அதே சீகேட்!

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க், இரண்டிலும் தனித்தனி கன்ட்ரோலர் என்றால், கணினி கூப்பிடும்போது யார் பதில் சொல்வது? அதற்காகத்தான் ஜம்பர் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தொப்பி. ஒரு டிஸ்க் 'மாஸ்டர்', மற்றது 'ஸ்லேவ்'. இரண்டையும் மாஸ்டர் ஆக்கினால் இரண்டுமே தெரியாமல் போகலாம். ஆரம்ப காலத்தில் ஒரு கம்பெனியின் டிஸ்க் இன்னொரு கம்பெனியின் டிஸ்க்கோடு ஒரே கேபிளில் இருக்க மறுத்ததும் உண்டு. இந்த முறைக்கு ஏ.டி.ஏ. என்ற பெயரில் முறையான தரநிலை வந்தது 1994-ல்தான். மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்களும் சும்மா போகவில்லை. 2003-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம், தனக்குப் பொருள் தருபவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

ஜம்பரைச் சரியாக வைத்தாலும் இன்னொரு பொறி காத்திருந்தது. டாஸ் முதலில் எல்லா டிஸ்க்குகளின் முதன்மைப் பகுதிகளுக்கும் எழுத்து கொடுக்கும், பிறகுதான் மற்ற பகுதிகளுக்கு. ஆகவே இரண்டாவது டிஸ்க்கில் முதன்மைப் பகுதி இருந்தால் புதியது 'டி' ஆகிவிடும், பழைய 'டி' தானாக 'இ' ஆகிவிடும். 'டி'யில் இருந்த கணக்குக் கோப்பைத் தேடும் மென்பொருள் அது இல்லை என்று கைவிரிக்கும். ஒன்றும் அழியவில்லை, முகவரி மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் அதை அறியாமல் பயந்து போய் மறுபடி ஃபார்மட் செய்தால் கதை முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத சுவர்கள்

இடமும் கேபிளும் தயாரான பிறகு எண்கள் வழிமறித்தன. டிஸ்க்கின் ஓர் இடத்தைக் குறிக்க பயாஸ் ஒரு வரம்பும், ஐ.டி.இ. ஒரு வரம்பும் வைத்திருந்தன. இரண்டிலும் சிறியதை எடுத்தால் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். செக்டருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 528 மெகாபைட். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தாராளம்தான். சேரும்போதுதான் குறுகியது. கிழக்கு வாசல் அகலம், மேற்கு வாசல் உயரம். இரண்டையும் கடக்க வேண்டிய கட்டிலுக்குக் குறுகலும் தாழ்வும்தான் கணக்கு!

1994 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல் முன்வைத்த இ.ஐ.டி.இ. அதைத் தாண்டியது. இரண்டு டிஸ்க் என்ற அளவையும் நான்காக உயர்த்தியது. பழைய பயாஸ் உள்ளவர்கள் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சிறு மென்பொருளை எழுதிச் சமாளித்தார்கள். அது கெட்டால் டிஸ்க்கே காலி போலத் தோன்றும். பிறகு வந்தன 2 ஜி.பி. சுவர், 8.4 ஜி.பி. சுவர், 137 ஜி.பி. சுவர்.

மிக மோசமானது 137 ஜி.பி. சுவர். முகவரிக்கு 28 பிட் என்பதால் வந்த எல்லை அது. 2002-ல் 48 பிட் முகவரி தரநிலையானது, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முதல் சர்வீஸ் பேக்கும் அதை ஏற்றது. ஆனால் பழைய அமைப்பில் பெரிய டிஸ்க்கை மாட்டியவர்களுக்கு ஆபத்து இருந்தது. எல்லைக்கு மேல் எழுத வேண்டியது சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்படலாம். அங்கே இருந்ததோ எல்லாக் கோப்புகளின் அட்டவணை. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய டிஸ்க், நிறைந்து எல்லையைத் தொட்ட நாளில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

2003-ல் சாட்டா வந்தது. ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க். மாஸ்டர் இல்லை, ஸ்லேவ் இல்லை, ஜம்பர் தொல்லையும் இல்லை. அந்தப் பத்து நிமிடம் அப்போதுதான் சாத்தியமானது.

கூட்டினால் குறையும் ஆயுள்

டிஸ்க் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை நேர்மாறு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் 1988-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ரெய்டு கட்டுரை இதை எளிய வகுத்தலில் காட்டியது. விலை மிகுந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, கான்னரின் 100 மெகாபைட் டிஸ்க் போன்ற மலிவானவற்றை நிறையச் சேர்க்கலாம் என்பது அவர்கள் யோசனை. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்க் உள்ள கூட்டத்தில் ஏதோ ஒன்று 300 மணி நேரத்தில் சாகும். இரண்டு வாரம் கூட இல்லை!

ஆகவே சில டிஸ்க்குகளில் பிரதியோ, இழந்ததைக் கணக்கிட்டு மீட்கும் தகவலோ வைக்க வேண்டும் என்றார்கள். காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரிதான் இது. வீட்டுக் கணினிக்கும் அதே பாடம். இரண்டாவது டிஸ்க்கில் முதலாவதின் பிரதி இருந்தால் அது காப்பு. முதலில் இடமில்லாததை நகர்த்தி வைத்தால் அது வெறும் கிடங்கு, பறிகொடுக்க இரண்டு இடம்.

விலை ஏறிய வருடம்

டிஸ்க் விலை இறங்கிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையை உடைத்தது 2011. அந்த வருடம் தாய்லாந்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அக்டோபரில் அயுத்தயா மாகாணத்தின் பாங் பா-இன் தொழிற்பேட்டையில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தக் கம்பெனியின் உற்பத்தியில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்த நாட்டில்தான். சீகேட் ஆலைகள் நனையவில்லை, ஆனால் மோட்டார் போன்ற உதிரிபாகங்கள் தரும் ஆலைகள் நனைந்தன. உலகெங்கும் விலை சில வாரங்களில் இரட்டிப்பானது.

அமெரிக்காவில் இணைய வழி காப்புச் சேமிப்பு நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் அப்போது செய்தது வேடிக்கையானது. உள்ளே மாட்டும் டிஸ்க் விலை எகிறிவிட்டது, ஆனால் பெட்டியோடு வரும் வெளி டிஸ்க் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. காஸ்ட்கோ போன்ற கடைகளில் ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு. ஊழியர்கள், நண்பர்கள், குடும்பத்தார் எல்லோரும் கடை கடையாக ஏறி வாங்கினார்கள். பெட்டியை உடைத்து டிஸ்க்கை எடுத்து சர்வரில் மாட்டினார்கள். இப்படிச் சேர்த்தது சுமார் 5.5 பெட்டாபைட்!

அதே வருடக் கடைசியில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் சில வகை டிஸ்க்குகளின் வாரண்டி காலத்தைக் குறைத்தன. 2011 இறுதியில் சாம்சங்கின் டிஸ்க் பிரிவு சீகேட்டிடமும், 2012 மார்ச்சில் ஹிட்டாச்சியின் டிஸ்க் கம்பெனி வெஸ்டர்ன் டிஜிட்டலிடமும் போய்ச் சேர்ந்தன. ஒரு காலத்தில் டஜன் கணக்கில் இருந்த தயாரிப்பாளர்களில் இன்று மிஞ்சியது மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. கேபிள் தரநிலை வந்ததால் யாருடைய டிஸ்க்கையும் யாருடைய கணினியிலும் மாட்டலாம். ஆனால் 'யாருடைய' என்பதற்குத்தான் தேர்வு சுருங்கிவிட்டது.

காலியாக விடப்பட்ட இடம்

இந்த வரலாறு முழுக்க ஒரு விஷயம் மாறவில்லை. வாங்கியவர் பிறகு எதையாவது சேர்த்துக்கொள்ள, செய்தவர் கொஞ்சம் இடம் விட்டு வைத்தார். சில சமயம் மனமில்லாமல், சில சமயம் அரைகுறையாக. ஆனாலும் விட்டு வைத்தார். இன்று மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்புச் சில்லை போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். வாங்கும் நாளிலேயே ஐந்து வருடத் தேவையை யூகித்துப் பணம் கட்ட வேண்டும். யூகம் தவறினால் இயந்திரத்தையே மாற்ற வேண்டும்.

மேசைக் கணினியில் மட்டும் அந்தக் காலித் தட்டு இன்னும் இருக்கிறது. கணினி வாங்கும்போது பிராசசர் வேகத்தையும் திரை அளவையும் கேட்பவர்கள், உள்ளே எத்தனை டிஸ்க்குக்கு இடம் இருக்கிறது, எத்தனை சாட்டா கனெக்டர் காலியாக இருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பவர்கள் இருக்கும்வரைதான் அந்த இடமும் இருக்கும்.