விம்கோ நகர் டு ஆயிரம் விளக்கு... ஒரே ரயில்ல ஓவியக் கண்காட்சி!

‘ஆர்ட் கேலரியா... நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை?’ ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தக் கேள்வி சகஜம். கண்ணாடிக் கதவு, ஏசி, அமைதி... வாசல்லயே ஒரு தயக்கம் வந்துடும்.

ஆனா, புல்லட் டேங்க்ல அந்தத் தங்கநிறக் கோட்டைக் கையாலேயே இழுத்தது திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஆலையிலதான். காசிமேட்டுல படகுக்கு பெயின்ட் அடிக்கிறதை தினமும் பார்க்கிறோம். நமக்குக் கலை புதுசில்லை, கேலரிதான் புதுசு!

எங்கே போகலாம்?

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. 1954-ல் தொடங்கப்பட்ட தேசிய அமைப்பு இது. பல ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து நடத்தும் குழுக் கண்காட்சிகள் இங்கே அடிக்கடி நடக்கும். பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது. விம்கோ நகர்ல மெட்ரோ நீல வழித்தடத்துல ஏறினா, எங்கேயும் மாறாம ஆயிரம் விளக்குல இறங்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கண்காட்சித் தேதியை மட்டும் முன்னாடியே செக் பண்ணிடுங்க.

எப்படிப் பார்ப்பது?

* முதல்ல ஒரு ரவுண்டு சும்மா சுத்தி வாங்க. எது உங்களை நிறுத்துதோ, அங்கே மட்டும் திரும்பிப் போங்க. எல்லாத்தையும் பார்த்தே ஆகணும்னு சட்டம் இல்லை.

* பிறகு, பக்கத்தில் உள்ள சின்ன அட்டையைப் படியுங்கள். கலைஞர் பெயர், தலைப்பு, எதில் செய்தது, அளவு, ஆண்டு இருக்கும். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால், விற்றுவிட்டது என்று அர்த்தம்.

* சிற்பத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்காதீர்கள். சுற்றி வாங்க, பின்பக்கமும் பாருங்க. தொட வேண்டாம்.

* போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்.

* ‘புரியலையே’ன்னு கூச்சப்படாதீங்க. கலைஞர் அங்கே இருந்தா, ‘இதை எப்படிச் செஞ்சீங்க?’ன்னு கேளுங்க. ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்பதைவிட நல்ல கேள்வி அது.

இன்னும் ஆர்வமா?

ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம் போனால், கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் கலைக் கிராமம். பி.வி.ஜானகிராம் போன்றவர்கள் உலோகத் தகட்டை அடித்து, வளைத்து, பற்றவைத்தே சிற்பமாக்கினார்கள். பட்டறை வேலை தெரிஞ்சவங்க இதைப் பார்த்தா, ‘இந்த ஜாயின்ட்டை எப்படிப் போட்டாங்க?’ன்னு குனிஞ்சு பார்ப்பாங்க. நுட்பமான ரசனையே அதுதான்!

லலித் கலா அகாடமியின் முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாலு தொழிலாளிகள் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் அவரே. 1959-லேயே உழைக்கிற உடம்புக்குக் கடற்கரையில் இடம் கொடுத்த கலை இது. அந்த உழைப்பாளிகளின் ஊர்க்காரங்க நாம ஏன் வாசல்ல நிற்கணும்?

கிளம்பும்போது, வாசலில் இருக்கும் பார்வையாளர் நோட்டில் தோன்றியதை எழுதுங்கள். பேருக்குப் பக்கத்துல மறக்காம ஊரையும் போடுங்க... ராயபுரம்னு!